திரும்பி வராத பாட்டில்கள்

அத்தியாயம் பதினேழு

செவ்வாய்க்கிழமை ராத்திரி பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோன ரோவீனா, வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் தன் மகளோடு பேசியது மொத்தம் நாலே வார்த்தை. "உப்பு." "கதவைச் சாத்து." "வர்றேன்." அவ்வளவுதான். வாரா வாரம் இந்த வீட்டை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது அதிசயமில்லை. கோபம் வந்தால் ரோவீனாவின் வாய் கொட்டித் தீர்க்கும், இல்லாவிட்டால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். நடுவாந்தரம் கிடையாது.

இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கிற நார்ஃபோக் தீவில் குட்டிக் கொய்யா ஜாம் என்றால் ரோவீனாதான். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடி பாட்டிலில் மட்டுமே அடைத்து விற்கிறாள். மேலே ஒட்டுகிற சீட்டில் அவள் பேரைவிடப் பெரிய எழுத்தில் 'பூமிக்குப் பாரமில்லாதது' என்று போட்டிருக்கும். அவள் மகள் இமொஜென், வீட்டில் இமோ, பிரிஸ்பேனில் சுற்றுச்சூழல் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாள். கடைசி வருஷ ஆய்வுக்கு உலகத்தில் வேறு விஷயமே கிடைக்காத மாதிரி அம்மாவின் பாட்டிலையே எடுத்துக்கொண்டாள். கண்ணாடி பாட்டில் ஒரு பக்கம், அதே அளவு பிளாஸ்டிக் டப்பா இன்னொரு பக்கம். பூமிக்கு எது அதிகக் கெடுதல்?

ஒரே ஒரு தடவை பயன்படுத்தினால் பாட்டில்தான். அதுவும் டப்பாவைப் போல மூன்றரை மடங்கு.

இதைச் செவ்வாய்க்கிழமை ராத்திரி, மீன் வறுவலுக்கு நடுவே இமோ சொன்னாள். அப்புறம் நடந்ததுதான் தட்டு நகர்ந்த கதை.

இன்னும் ஒரு சங்கதி பாக்கி. இன்று பிற்பகல் இரண்டு மணிக்குச் சந்தைச் சங்கக் கூட்டம். தீவுச் சந்தையில் இனிமேல் யாரும் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தின்பண்டம் விற்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் வருகிறது. அதைக் கொண்டுவருகிறவள் ரோவீனா.

காலை ஏழரை மணிக்கு அவள் கொய்யாவைக் கொதிக்கவிட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக ஜன்னலைப் பார்த்துப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வெர்னன் ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டிருந்தான். தீவுக்குத் துறைமுகம் கிடையாது, சரக்குக் கப்பல் நாலு நாளாக வெளியே கடலில் நின்றுகொண்டிருந்தது. நேற்றுதான் கடல் சற்று அடங்கி வேலை ஆரம்பித்தது. கப்பலுக்கும் கரைக்கும் போய்வருகிற சரக்குப் படகில் வெர்னன் இருபது வருஷமாக இருக்கிறான். அவன் உயரத்துக்கும் நடைக்கும் ஊரே வைத்த பேர் கொக்கு. டெலிபோன் புத்தகத்திலும் அதே பேர்தான்.

"ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்" என்றான் அவன்.

"வந்தா கைதட்டு. வரலன்னா அங்கயே மீன் பிடி" என்றாள் ரோவீனா.

அவன் போனதும் இமோ வந்து சமையல்மேடையில் சாய்ந்து நின்றாள். தூங்கி எழுந்த தலைகூடச் சீவவில்லை.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டுப் போயிடுறேன்."

ரோவீனா அடுப்பைக் குறைத்தாள்.

"நான் சொன்னத நீ முழுசாக் கேக்கல. ஒரு தடவ மட்டும் பயன்படுத்துனாதான் பாட்டில் மோசம். அத உருக்குற உலை ஆயிரத்தைந்நூறு டிகிரி. டப்பா பதினாலு கிராம், உன் பாட்டில் நூத்தித் தொண்ணூறு கிராம். அத்தனையும் கப்பல்ல வருது, அப்பா முதுகு ஒடிய இறக்குறாரு. ஆனா அதே பாட்டில கழுவிக் கழுவி நாலு தடவ நிரப்புனா, வெந்நீர்ச் செலவயும் சேத்து, டப்பாவ ஜெயிச்சிடும். அஞ்சாவது தடவ, ஆறாவது தடவன்னு போகப் போக டப்பா கிட்டகூட வர முடியாது."

"அதத்தானே நானும் பதினெட்டு வருஷமாச் சொல்றேன்!" பூட்டு திறந்துகொண்டது. "என் பாட்டில் திரும்பி வரும். நான் கழுவி நிரப்புவேன். பாட்டில் மேலயே எழுதியிருக்கு, கண்ணு தெரியலயா?"

"சரி. போன வருஷம் எத்தன திரும்பி வந்துச்சு?"

"வரும்."

"வரும்னா? எத்தன?"

ரோவீனா கரண்டியைப் போட்டுக் கிண்டினாள். அடிப்பிடிக்காத ஜாமை எதற்கு அப்படிக் கிண்டினாள் என்று இமோவுக்குத் தெரியும். அவள் வாசல் கேட்டிலிருந்த மரப்பெட்டியைத் தூக்கிவந்து மேடையில் வைத்தாள். 'காலி பாட்டில் இங்கே' என்று ரோவீனாவே பெயின்ட் அடித்த பெட்டி. உள்ளே ஒன்பது பாட்டில் இருந்தது.

"இது ரெண்டு மாசத்துக்கு. அதுல இதப் பாரு, இதுவும் இதுவும் நம்மளதே இல்ல. யாரோ ஊறுகாய் பாட்டிலக் குப்பைக்குப் போடச் சோம்பல்பட்டு இங்க போட்டிருக்காங்க."

வருஷத்துக்கு மூவாயிரம் பாட்டில் போகிறது. பாதியைச் சுற்றுலா வந்தவர்கள் பெட்டியில் வைத்துப் பறந்துவிடுகிறார்கள். அது போகட்டும். மிச்சம் ஆயிரத்தைந்நூறு இந்தத் தீவுக்குள்ளேதான் இருக்க வேண்டும். ஐந்து மைல் நீளம்கூட இல்லாத தீவு. அதற்குள் ஆயிரத்தைந்நூறு பாட்டில் எங்கே போயிருக்கும்?

ரோவீனாவுக்கு முகம் சிவந்தது. அடுப்பை அணைத்தாள்.

"கண்ணாடி நொறுக்குற மிஷின்ல போட்டிருக்காங்க. வேற என்ன? தின்னுட்டு, நாக்கச் சப்புக்கொட்டிட்டு, பாட்டிலத் தூக்கி ரோட்டுக்கு ஜல்லியா அனுப்பிட்டாங்க. எடு சாவிய. மொதல்ல நோலா வீட்டுக்குப் போறோம். என்கிட்ட மொத பாட்டில் வாங்குனவ அவ. அவளே இப்படிப் பண்ணினா மத்தவங்கள என்ன சொல்றது?"

பாதி வழியில் இரண்டு மாடு சாலை நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தன. அவை யோசித்து முடிக்கும்வரை காத்திருந்து, எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கி ஊர் வழக்கப்படி வணக்கம் காட்டி, ரோவீனா போய்ச் சேரும்போது மணி ஒன்பது. கோபத்தில் இருந்தாலும் விரலைத் தூக்காமல் இருக்க முடியாது. அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

நோலாவுக்கு அறுபது வயது. ரோவீனாவின் அப்பா வழியில் சொந்தம். உடம்பும் குரலும் ஒரே அளவு, இரண்டும் பெரிசு. கதவைத் திறந்ததுமே, "வாடி! பிலாஹி இப்பத்தான் அடுப்புலேர்ந்து எடுத்தேன், வாழைக்காயத் துருவிச் சுட்டது. உக்காரு, சூடா இருக்கு" என்றாள்.

"நான் தின்ன வரல. என் பாட்டில் எல்லாம் எங்க?"

நோலாவின் முகம் அப்படியே வாடிவிட்டது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அதக் கேக்கத்தான் வந்தியா. எனக்கு வெக்கமா இருக்கு ரோவீனா."

"வெக்கப்பட வேண்டியதுதான்!"

"வா, காட்டுறேன்."

பின்கட்டில் துணி அலமாரி மாதிரி ஒன்று. நோலா அதைத் திறந்தாள். மூன்று தட்டு. மூன்றிலும் பாட்டில். ஒரு பொட்டுப் பிசுக்கு இல்லாமல் கழுவி, சீட்டை ஊறவைத்து உரித்து, துணியில் துடைத்து, கவிழ்த்து அடுக்கியிருந்தாள். மூடிகள் தனியாக ஒரு நூலில் கோத்துத் தொங்கின. இமோ எண்ணிப் பார்த்தாள். அறுபத்து மூன்று.

ரோவீனா ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு சுத்தமாக் கழுவி வெச்சிருக்க. ஏன் குடுக்கல?"

"எப்படிக் குடுப்பேன்? காலியாவா?"

"காலியாத்தான்!"

நோலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்டி, நீ இந்தத் தீவுல பொறந்தவதானா? அடுத்த வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா யாராவது? எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து அறைவா. போன வருஷம் பேஷன் ஃப்ரூட் கொடி காஞ்சுபோச்சு. கோழி ரெண்டும் முட்டைய நிறுத்திடுச்சு. மழை இல்லாம எலுமிச்ச சுண்டக்கா சைஸுக்குக் காய்க்குது. எதப் போட்டுக் குடுக்குறது? நல்லதா ஏதாவது கிடைக்கட்டும், ஒவ்வொண்ணா நிரப்பிக் குடுத்துடலாம்னு வெச்சேன். அதுக்குள்ள நீ இன்னும் நாலு பாட்டில் தலையில கட்டிடுற. கடன் ஏறுற மாதிரி ஏறுது!"

இமோ வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காத புள்ள! நான் மட்டும் இல்ல. உங்கப்பன் தம்பி வீட்டுல கட்டிலுக்கு அடியில பூரா பாட்டில்தான். படகுக் கொட்டகையில மெர்வ் நூறாவது வெச்சிருப்பான். தேன் எடுத்ததும் நிரப்பித் தரேன்னு ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கான்."

"கேட்டுல பெட்டி வெச்சிருக்கேனே, காலி பாட்டில் இங்கன்னு?"

"அது டூரிஸ்டுக்குன்னு நெனச்சோம்."

ரோவீனா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஈஸ்டருக்கு நோலா பலகாரம் வைத்துக் கொடுத்தனுப்பிய தட்டு அவள் வீட்டு அலமாரியில், மேல் தட்டில், இன்னும் இருக்கிறது. எதையாவது நிரப்பிக் கொடுக்கலாம் என்றுதான். நல்லதாக ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான். தன் பாட்டில் மட்டும் பாத்திரம் இல்லை, வெறும் பாட்டில் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் என எப்படி நினைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

நோலா பிலாஹியை வெட்டி இரண்டு தட்டில் வைத்தாள். கை வேலையாக இருக்கும்போதே சொன்னாள்.

"எல்வா கடையில இந்தத் தொல்லையே இல்ல, தெரியுமா. அவ சட்னி டப்பாவுல வரும். டப்பாவத் திருப்பித் தர வேணாம், நிரப்ப வேணாம், மனசுல பாரம் கிடையாது. அதுக்காகவே பாதிப் பேரு அவகிட்ட வாங்குனோம். நீ பேசுன பேச்சுல அந்தப் புள்ள கடையே போடாமப் போயிடுச்சு."

ரோவீனா பிலாஹியை வாயில் வைத்தாள். மென்றாள். மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

எல்வா யார் என்று பழைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம். ரோவீனாவின் ஒரே தங்கை. மூன்று வருஷம் முன்னால் இதே சங்கக் கூட்டத்தில், எல்வாவின் வாழைப்பழச் சட்னி டப்பாவை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டி, "என் தங்கச்சி சட்னி விக்கல, கடலுக்கு விஷம் விக்கிறா" என்றாள் ரோவீனா. கூட்டம் சிரித்தது. அடுத்த சனிக்கிழமை எல்வாவின் மேஜை காலியாக இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில் வேறொருத்தர் தொப்பி விற்றார். அன்றிலிருந்து அக்காள் தங்கை பேச்சு இல்லை.

திரும்பும்போது இமோ வண்டி ஓட்டினாள். பின் சீட்டில் அறுபத்து மூன்று பாட்டிலும் மேட்டிலும் பள்ளத்திலும் கிணுகிணுத்தன. நோலா அவற்றைக் கொடுக்கச் சம்மதிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசியில், வெறுமனே விடமாட்டேன் என்று பிலாஹி மிச்சத்தையும் துணியில் சுற்றிக் கையில் திணித்துவிட்டுத்தான் விட்டாள்.

பைன் மரங்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் ரோவீனா, "நிறுத்து" என்றாள்.

இமோ நிறுத்தினாள்.

"உண்மையச் சொல்லு. பூசி மெழுகாத. இத்தன வருஷமா என் பாட்டில் ஒரே ஒரு தடவைதான் நிரம்பியிருக்கு. அப்ப எல்வாவோட டப்பா?"

"உலையும் கப்பலும் விடுற புகைக் கணக்குலயா? உன் பாட்டிலவிட நல்லதா இருந்துச்சும்மா."

"நல்லதாவா, கொஞ்சம் நல்லதாவா?"

"மூணரை மடங்கு."

ரோவீனா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். காற்று வேண்டியிருந்தது. அழக்கூடாது என்று நினைத்தாள், ஆனால் அழுதாள். "அவ பொழப்புல மண்ணப் போட்டுட்டேன்டி. சபையில வெச்சு சிரிக்க வெச்சேன். நான் சொன்னது சரிங்கிற தைரியத்துல மூணு வருஷம் அவ வீட்டுப் பக்கம்கூடப் போகல. சரியா இருந்திருந்தாலாவது பரவாயில்ல."

இமோ அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "என் ஆய்வுல இருக்கிறது புகையும் தண்ணியும் மட்டும்தாம்மா. எல்லாமும் இல்ல."

"இருக்கிற வரைக்கும் போதும். இன்னிக்கு அந்தத் தீர்மானத்த எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கொண்டுவருவேன்?"

"வேணாம்னா வாபஸ் வாங்கிடு."

"வாங்கினா ஊரே வாயப் பொளந்து சிரிக்கும். பாட்டில் மேல இருக்கிற வரியக் கிழிக்கணும். பதினெட்டு வருஷப் பேரு போகும்."

"வாங்கலன்னா?"

ரோவீனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வாங்காவிட்டால் டப்பாவில் விற்கிற ஆறு பேர் அடுத்த மாசம் மேஜையை மடக்க வேண்டும். அதில் இரண்டு பேருக்கு வேறு வருமானமே இல்லை. இன்னும் ஆறு எல்வா.

"வண்டிய எடு" என்றாள்.

இரண்டு மணிக்குக் கூடத்தில் இருபத்திரண்டு பேர். சங்கத் தலைவர் கிளைவ், ஓய்வுபெற்ற தபால்காரர், மணியடிப்பதற்குப் பதிலாகக் கரண்டியால் டீக் கோப்பையைத் தட்டுவார். நோலா முன்வரிசையில் இரண்டு நாற்காலிக்கு உட்கார்ந்திருந்தாள். வெர்னன் ஈர பூட்சோடு வந்து சுவர் ஓரமாக நின்றான்.

கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் எல்வா உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருஷத்தில் அவள் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. மடியில் ஒரு துணிப்பை. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். ரோவீனா முன்வரிசைக்குப் போய் நோலா பக்கத்தில் உட்கார்ந்தாள். நாம் விழுவதைப் பார்க்க வந்திருக்கிறாள், பார்க்கட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டீக் கோப்பை ஒலித்தது. "தீர்மானம் ஒண்ணு. ரோவீனா, பேசும்மா" என்றார் கிளைவ்.

ரோவீனா எழுந்தாள். காலையில் ஜன்னலுக்குச் சொன்ன பேச்சு ஒரு வரிகூட வாயில் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

"தீர்மானத்த வாபஸ் வாங்குறேன்" என்றாள்.

கூடம் சலசலத்தது. கிளைவ் கோப்பையைத் தட்டினார்.

"காரணம் சொல்லிடுறேன். என் பொண்ணு புகைக் கணக்குப் போட்டா. பாட்டில நாலு தடவையாவது நிரப்பணும். அப்பத்தான் டப்பாவவிட மேல். என் பாட்டில் நிரம்பினது ஒரு தடவ. ஏன்னா எல்லாம் உங்க வீட்டு அலமாரியில இருக்கு."

"நிரப்பித் தரலாம்னுதானே!" என்று ஒரு குரல். மெர்வ்.

"தெரியும் மெர்வ். உன்ன சொல்லல. நான் திருட்டுத்தனம் பண்ணல, ஆனா பொய்யத்தான் சீட்டுல ஒட்டி வித்திருக்கேன். அந்தப் பொய்ய வெச்சுக்கிட்டு இதே எடத்துல ஒருத்திய அவமானப்படுத்தினேன். நீங்க சிரிச்சீங்க. நான் அந்தச் சிரிப்பப் பெருமையா நெனச்சேன்." கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னாள். "எல்வா, உன் டப்பா என் பாட்டிலவிடக் கெடுதல் இல்ல. நான் சொன்னது தப்பு. உன்ன விரட்டினது அதவிடப் பெரிய தப்பு. என்ன மன்னிச்சிடு."

உட்கார்ந்துவிட்டாள்.

எல்வா எழுந்தாள். துணிப்பையில் கைவிட்டு எதையோ எடுத்தாள். வெளுத்துப்போன ஒரு பிளாஸ்டிக் மூடி. ஓரத்தில் பல் பல்லாகக் கொத்திய தடம். நடுவில் பாதி அழிந்தும் படிக்க முடிந்த அவள் பேர்.

"கணக்குல புகை இருக்கு. இது இருக்கா இமோ?"

இமோ மெதுவாகச் சொன்னாள். "இல்ல சித்தி. அது இல்ல."

"பாறை மேல, மண்ணுக்குள்ள குஞ்சு பொரிக்குற கடல் பறவை, அந்தப் பேய்ப்பறவையோட வளையில கிடைச்சது. பக்கத்துல குஞ்சு செத்துக் கிடந்துச்சு. வயித்தக் கீறிப் பாத்தேன். உள்ள இதே நெறத்துல துண்டு துண்டா. என் மூடியோ, வேற யாரோடதோ, எனக்குத் தெரியாது. ஆனா பக்கத்துல கிடந்தது என் பேரு." மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "இது எப்பக் கிடைச்சது தெரியுமா அக்கா? நீ பேசினியே, அதுக்கு மொத நாள்."

ரோவீனாவுக்குப் புரியவில்லை. கூடத்தில் யாருக்கும் புரியவில்லை.

"அன்னிக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். டப்பாவ நிறுத்துறேன், எல்லாரும் சேர்ந்து வேற ஏதாவது வழி பாக்கலாம்னு சொல்லத்தான் மறுநாள் இங்க வந்தேன். இந்த மூடி அன்னிக்கும் என் பையில இருந்துச்சு. என் முறை வர்றதுக்கு முன்னாடி நீ எழுந்துட்ட. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும், அக்கா அடிச்ச அடியில தங்கச்சி கடைய மூடிட்டான்னுதான ஆகும்? அப்படித்தான ஆச்சு? மூணு வருஷமா ஊரு என்னப் பாவம்னு பாக்குது. நானா யோசிச்சு ஒரு நல்லது பண்ண வந்தேன். அத நீ என் கையிலேர்ந்து பிடுங்கிட்ட. டப்பாவப் பத்தி நீ சொன்னது தப்பே இல்ல. மன்னிப்புக் கேக்க வேண்டியது அதுக்கில்ல."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் ரோவீனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரோவீனா எழுந்து தங்கை பக்கம் ஒரு அடி வைத்து, திரும்பி உட்கார்ந்தாள்.

கிளைவ் கோப்பையைத் தட்ட மறந்து கரண்டியைப் பிடித்தபடி இருந்தார். கடைசியில் நோலாதான் ஆரம்பித்தாள்.

"சரி, இப்ப என்ன பண்றது? பாட்டிலும் வேணும், அது கைமாறிச் சுத்தி வரவும் வேணும். ரோவீனா, வெறும் பாட்டிலக் கொண்டாந்தா வாங்கிக்குவியா?"

"வாங்கிக்குவேன்."

"ஒண்ணும் வெக்காம?"

"ஒண்ணும் வெக்காம."

"சங்கடமா இருக்கும். ஆனாலும் பழகிக்கலாம்" என்றாள் நோலா. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கூடம் கொஞ்சம் மூச்சு விட்டது.

"டப்பாக்காரங்க ஆறு பேருக்கும் அதே பாட்டில்லேர்ந்து குடுக்கலாமே" என்றார் கிளைவ். "ஊரு பூரா தேடினா ஆயிரம் தேறும். புதுசாக் கப்பல்ல ஏத்தவே வேணாம். ஆனா யாரு கழுவுறது, எங்க கழுவுறது? என் மழைத் தொட்டியத் தட்டினா டங்குன்னு சத்தம் வருது."

எல்லோருக்கும் அவரவர் தொட்டி நினைவுக்கு வந்தது.

"என் அடுப்படி இருக்கு" என்றாள் எல்வா. "பெரிய ஸ்டீல் தொட்டி ரெண்டு. கொதிக்கவெக்கிற அண்டா ஒண்ணு. மூணு வருஷமா வேலையே இல்ல, அதனால மழைத் தொட்டி ரெண்டும் பாதிக்கு மேல நிக்குது. எடுத்துக்கோங்க."

ரோவீனாவின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. அக்காளும் தங்கையும் ஒரே தொட்டியில் கைவிட்டுப் பாட்டில் கழுவுவது கண்முன் தெரிந்தது. ஆறே மாசம் போதும், அவளை எப்படியாவது பேச வைத்துவிடலாம் என்று மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"நாளைக்கே வரேன்" என்றாள் அவசரமாக. "நாளைக்குக் காலையிலயே."

"வியாழக்கிழமைக்குள்ள எப்ப வேணா வா. சாவி தர்றேன்" என்று சொல்லிவிட்டு, மூடியைப் பையில் போட்டுக்கொண்டு எல்வா வெளியே போனாள்.

கிளைவ் மிச்சப் பேச்சை அடுத்த மாசக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். நாற்காலிகள் இழுபட்டன. நோலா யாரையோ பிடித்து, கட்டிலுக்கு அடியில் எத்தனை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ரோவீனா வாசலுக்கு ஓடினாள். எல்வாவின் வண்டி அதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டது.

வெர்னன் பின்னாலேயே வந்து நின்றான்.

"பாத்தியா கொக்கு? குடுக்குறேன்னுட்டா. இனிமே சரியாயிடும். நான் தினமும் போய் நிப்பேன், எவ்வளவு நாள்தான் மூஞ்சியத் தூக்கிவெச்சிருப்பா?" என்றாள். பிறகு நெற்றி சுருங்கியது. "அது என்ன வியாழக்கிழமைக்குள்ள? வியாழக்கிழமை என்ன?"

வெர்னன் பூட்ஸ் நுனியைப் பார்த்தான்.

"வெர்னன்."

"சொல்ல வேணாம்னு சொன்னா."

"என்ன வியாழக்கிழமை?"

"சிட்னி ப்ளேன். திரும்பி வர்ற டிக்கெட் எடுக்கல." அவன் கேட்டுப் பக்கம் திரும்பினான். "அவ பெட்டி பதினொண்ணு ரோவீனா. நேத்து என் கையாலதான் கப்பல்ல ஏத்தினேன்."